இரும்பை ஒதுக்கும் கருவி

2010 யூலை 18, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்து. கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசியது. வானத்தில் பேருக்கும் ஒரு மேகமில்லை. கடலுக்கும் வாவிக்கும் நடுவே, எங்கள் வீடு இருந்த வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம்.

தொண்ணூறில் ஊரைவிட்டு ஓடுமுன், என் மனைவி தன் தாலிக்கொடியை ஒரு போத்தலில் போட்டு, சமைக்கிற குசினிக்கும் கிணற்றுக்கும் இடையில் மண்ணுக்குள் தாட்டாள். சண்டை முடிந்ததும் எடுக்கலாம் என்றாள். சண்டைக்கு அப்படியொன்றும் அவசரம் இருக்கவில்லை. அது முடியுமுன் சுனாமி வந்து குசினியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது ஆவணியில் இளைய மகளுக்குக் கலியாணம். வெறும் மஞ்சள் கயிற்றோடு சபையில் நிற்கமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

மூத்த மருமகன் உலோகம் காட்டும் கருவிகள் இரண்டை வாடகைக்கு எடுத்துவந்தார். ஈராண்டுக்கு முன் இதைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்திருந்தால், அவரைத் தேட வேறொரு கருவி வேண்டியிருக்கும்.

நான் படித்தவன், விளக்கப் புத்தகத்தையும் படித்தேன். இரண்டிலும் வட்டச் சுருள் ஒன்று காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் சுழன்று பதில் வரும். முதலாவது இடைவிடாமல் அனுப்பி, பதில் எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்து, இரும்பா வேறு உலோகமா என்று பிரித்துச் சொல்லும். இரண்டாவது விட்டுவிட்டு அனுப்பி, பதில் அடங்கும் விதத்தைக் கேட்கும். உப்பு ஈரம் அதைக் குழப்பாது, ஆனால் ஆணிக்கும் அட்டியலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. சோதனைச்சாவடியில் என் குடைக்கம்பியை ஆண்டுக்கணக்காகச் சந்தேகித்த, உலோகம் தேடும் கைத்தடிக்கு இது உறவுபோலும்.

அறிவுள்ள முதலாவதையே எடுக்கச் சொன்னேன். மணல் முழுக்கக் கூரை ஆணியும் ஷெல் துண்டும் என்பதால், இரும்பை ஒதுக்கும் விசையையும் போடவைத்தேன். மதியம்வரை அது பொன் பொன் என்று கூவிய இடமெல்லாம் தோண்டினோம். பித்தளைத் தோட்டாக் கோதுகள், பதினேழு. நாட்டின் பொற்காலம் முழுவதும் எங்கள் வளவில்தான் கிடந்தது.

எங்களோடு வந்து, கிணற்றுக்கட்டில் குடை பிடித்தபடி இருந்த மனைவி கேட்டாள்.

“இஞ்சேருங்க, இரும்பு கிடந்தா அது சொல்லாதா?”

“சொல்லாது. அதுதான் அதுட கெட்டித்தனம்.”

“அப்ப எப்பிடிக் காணும்? போத்தலுக்கு மேல பாக்குவெட்டிய வச்சுத்தானே தாட்டன்.”

“அது என்னத்துக்கு?”

“தாட்ட பொன்னுல பேய் அண்டும். இரும்பு கிடந்தா கிட்டவும் வராது.”

“மாமி, பேயோட சேத்து மாமாவையும் அண்டவிடாமப் பண்ணிட்டீங்க,” என்றார் மருமகன்.

மேலே கிடந்த இரும்பை ஒதுக்கிய கருவி, கீழே கிடந்த பொன்னையும் சேர்த்தே ஒதுக்கியிருக்கிறது. இரண்டாவதை எடுத்தோம். அது எல்லாவற்றுக்கும் அலறியது, எல்லாவற்றையும் தோண்டினோம். நான்கரை மணிக்குத் துருக்கட்டியாகப் பாக்குவெட்டி வந்தது; அதன்கீழ் போத்தல். மனைவி கொடியைச் சீலைத் தலைப்பில் துடைத்து அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மருமகனுக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

கருவிகளின் வாடகை, ஓட்டோ, கொடிக்கு மெருகு போட்ட பத்தரின் கூலி, என் இடுப்புக்கு எண்ணெய்: எல்லாமாக ஒன்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபா.