வெள்ளைப் பூ எதற்கு?

என் அம்மனின் பிள்ளைகளுக்குச் செல்வி சொல்கிறேன். எனக்குப் பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான். இத்தனை வயதுக்குப் பிறகு ஸ்கேனில்தான் அது தெரிந்தது. இருந்த ஒன்றிலும் நெல்லிக்காய் அளவுக்குக் கல். "இது அடைச்சுக்கிட்டா டயாலிசிஸ்தாம்மா" என்றார் திருச்சி டாக்டர். நான் அழவில்லை. யாருக்கோ சொல்வதுபோல் இருந்தது.

இரண்டு வழிகளைப் படத்தில் காட்டினார். ஒன்று, சிறுநீர் போகும் பாதை வழியாகவே மெல்லிய குழாயை விட்டு லேசரால் கல்லைப் பொடியாக்குவது. கத்தி படாது. ஆனால் பெரிய கல் என்றால் இரண்டு மூன்று தடவை போகவேண்டி வரலாம். மற்றது, முதுகில் சிறு துளை போட்டு, கல்லை உடைத்து உறிஞ்சி எடுப்பது. பெரும்பாலும் ஒரே தடவையில் முடியும். ரத்தம் போகும் பயம் உண்டு. "ரெண்டும் செய்யலாம். யோசிச்சுட்டு வாங்க" என்றார்.

கீரனூருக்கு பஸ்ஸில் திரும்பும்போது நானும் என் வீட்டுக்காரரும் பேசவில்லை. வீட்டிலும் பேசவில்லை. எங்கள் ஊர் அம்மனிடம் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். எந்தப் பூ எந்த வழிக்கு என்று மனதில் நினைத்ததைச் சந்நிதியில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. இருவருக்கும் நிம்மதி.

அடுத்த முறை டாக்டர் கேட்டதும், "லேசர்" என்றேன் நான். அதே மூச்சில், "முதுகுல" என்றார் இவர்.

"ஏங்க, வெள்ளதானே வந்துச்சு?"

"ஆமா. வெள்ள முதுகுக்குன்னுதானே நெனச்சேன்."

அம்மனும் கைவிட்டாள் என்று நினைத்தேன். அதற்கும் வருத்தம் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. கண்ணை மூடி, 'ஆத்தா, எங்களுக்குக் கேக்கத் தெரியல. இந்த டாக்டரு வாயில வந்து சொல்லு' என்று வேண்டினேன். பிறகு, "ஒங்க தங்கச்சின்னா எது செய்வீங்க டாக்டர்?" என்றேன்.

அவர் ஸ்கேனை மறுபடி பார்த்தார். "முதுகுலதாம்மா. ஒத்த கிட்னி. திரும்பத் திரும்ப உள்ள போக வேணாம்."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். எனக்கு எப்போதோ மரத்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். குப்புறப் படுத்து மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எடுத்த ஸ்கேனில் ஒரு துணுக்குக்கூட இல்லை. சிவப்பாக வந்த மூத்திரம் தெளிந்து வந்த காலையில்தான், வார்டில் வாய்விட்டு அழுதேன். இவரும் அழுதார். அன்றுதான் பேசத் தொடங்கினோம்.

வெள்ளிதோறும் வெள்ளைப் பூ கொண்டுபோகிறேன். தான் நினைத்ததே பலித்தது என்று இவர் பெருமையாகத் திரிகிறார். திரியட்டும்.

நம்பிக் கேளுங்கள், தாய் வழிவிடுவாள். ஆனால் பூக்கட்டப் புறப்படும் முன், வெள்ளை எதற்கு, சிவப்பு எதற்கு என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள். அதையும் அவள் தலையில் கட்டாதீர்கள்.