கத்திக்கு இரண்டாவது மூக்கு

“அண்ணி, ஒரு விஷயம் சொல்லணும்.”

“நீயா? விஷயமா? இரு, மொதல்ல உட்காந்துக்கறேன்.”

“விளையாடாதீங்க அண்ணி. கத்தியோட முனை ஒடிஞ்சுடுச்சு.”

“எந்தக் கத்தி?”

அந்தக் கேள்விக்குத் தேவையே இல்லை; அந்த வீட்டில் பேச்சுக்கு வருகிற கத்தி ஒன்றுதான். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அண்ணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எப்படி ஒடிஞ்சுது?”

“பெயிண்ட் டப்பா மூடி திறக்கல. நெம்பினேன்.”

“வீட்ல ஸ்பூன் இல்லையா?”

“இருந்துச்சு. வளைஞ்சுடுமேன்னு...”

“அடிப்பாவி! ஸ்பூன் வளைஞ்சுடுமேன்னு என் கத்தியை எடுத்தியா?”

நாத்தனார் ஒரு தீப்பெட்டியை நீட்டினாள். உள்ளே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு, ஒடிந்த முனை.

“இதை எதுக்குப் பத்திரமா வச்சிருக்க?”

“ஒட்ட முடியுமான்னு...”

“ரெண்டு மொழி படிச்சவ. ரெண்டுல எந்த மொழியில இரும்பைப் பசை போட்டு ஒட்டலாம்னு எழுதியிருக்கு?”

இதைச் சொல்லிவிட்டு அண்ணி சிரித்திருந்தால் அவளுக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். அண்ணி சிரிக்கவில்லை. கத்தியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “இன்னிக்கு புதன்” என்றாள். பிறகு சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

புதன் என்றால், கத்தியைக் கடையில் காட்ட வேண்டிய சனிக்கு நடுவில் இரண்டே நாள்.

அண்ணி அவளுடைய அண்ணனின் மனைவி. துணி ஆலை ஒன்றில் தையல் மெஷின் மெக்கானிக். பத்தொன்பது வயதில் அங்கே நூல் பிசிறு வெட்டுகிற வேலைக்குப் போனவள். மெஷின் நின்றுபோனால் எல்லோரும் மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்கள். இவள் மெஷினுக்கு அடியில் தலையை நுழைப்பாள். பழைய மெக்கானிக் வேலையை விட்டுப் போன அன்று, மேலாளர் வேறு ஆளைத் தேடிக்கொண்டிருந்த அரை நாளில் ஏழு மெஷின்களை ஓட வைத்துவிட்டாள். அதன் பிறகு அவர் தேடவில்லை. ஆனால் வெளி ஆட்கள் யாராவது வந்தால் மட்டும், “மெக்கானிக் எங்கம்மா?” என்று அவளிடமே கேட்பார்கள். “டீ குடிக்கப் போயிருக்கார், அதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன்” என்று அவளும் சலிக்காமல் சொல்வாள்.

ஆலையில் தேய்ந்துபோய் வீசிய ஒரு பெரிய அரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் ஆரம்பித்தது கத்தி. மலையேறுகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொள்ளும் வகை. நாலு அங்குல அலகு, கையடக்கமான மரப்பிடி. துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில், பின்பக்க பால்கனியில்தான் பட்டறை. பழைய தையல் மெஷின் மோட்டார் ஒன்றில் உப்புத்தாள் பட்டை சுற்றி ஓடும்படி அவளே ஒரு தேய்ப்பு இயந்திரம் செய்துவைத்திருந்தாள். அது ஓடினால் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் நிறமாகும். “என் சட்டையைப் பார்த்து ஆபீஸ்ல துக்கம் விசாரிக்கிறாங்க” என்பான் அண்ணன்.

ஆறு மாத வேலை. மலையேறுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு அண்ணி அதை எடுத்துப் போனாள். கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். “பார்க்க நல்லாத்தான் இருக்கு. தையல் மெஷின் ரிப்பேர் பண்றவங்க செஞ்ச கத்தியை நம்பி யாரும்மா மலையேறுவா?” என்றார். பிறகு மனது கேட்காமல், “சனிக்கிழமை காலைல கொண்டு வாங்க. கயிறு, கட்டை எல்லாம் வெட்டிப் பார்க்கறேன். தாங்கினா கண்ணாடி அலமாரியில வைக்கறேன்” என்றார். அண்ணி அதற்கப்புறம் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. தன் கையால் செய்த ஒன்றை, தான் செய்ததென்றே சொல்லி, முன்பின் தெரியாத ஒருவர் வாங்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இன்னொரு கத்தி செய்ய நாள் இல்லை. இருந்த ஒன்றுக்கும் மூக்கு இல்லை.

அன்று சாயங்காலமே வேலை தொடங்கியது. அண்ணி கறுப்புப் பேனாவால் அலகின் மேல் ஒரு கோடு போட்டாள். அருகில் நின்றவளுக்குக் கோடு தவறாகப் பட்டது. கூரான விளிம்பை மேலே வளைத்துக் கொண்டுபோனால் முனை வந்துவிடாதா? அண்ணியோ முதுகுப் பக்கமிருந்து கீழே சரிகிற மாதிரி வரைந்திருந்தாள்.

“அந்தப் பக்கம் தேய்ச்சா சீக்கிரம் முடியுமே அண்ணி?”

“முடியும். கத்தியோட கூரும் சேர்ந்து முடிஞ்சுடும். வெட்டுற பக்கத்தைத் தொடக்கூடாது. முதுகுதான் இறங்கி வரணும்.” அண்ணி நிமிர்ந்தாள். “எப்பவும் பேசாம நிக்கிறவ இன்னிக்குப் பார்த்து யோசனை சொல்றா பாரு. கையுறையைக் கழட்டி வை. நீயும் பிடிக்கணும்.”

“சுடுமே?”

“சுடணும். அதுக்குத்தான்.”

உப்புத்தாள் உரச உரச இரும்பு சூடேறும். சூடு மீறினால் அலகில் நீலம் பூக்கும். நீலம் பூத்தால் அந்த இடத்தில் இரும்பு மென்மையாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தீட்டினாலும் கூர் நிற்காது. அதனால் வெறும் விரலை முனைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேய்க்க வேண்டும். விரல் தாங்காத கணத்தில் தண்ணீர்க் குவளையில் முக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, தண்ணீர். ஒன்று, இரண்டு, மூன்று, தண்ணீர். அண்ணி களைத்தபோது அவள் பிடித்தாள். இரண்டாம் நாள் ஒரு முறை நாலு வரை எண்ணிவிட்டாள்; விரல் துள்ளியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அலகைத் துடைத்துப் பார்த்தார்கள். வெள்ளையாகத்தான் இருந்தது.

“அதிகமா எண்ணத் தெரியும்னு காட்டறியா?” என்றாள் அண்ணி. குரலில் புதன்கிழமையின் இறுக்கம் இல்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் முனை வந்துவிட்டது. முன்பு கத்தி நீண்டு ஒல்லியாக, கொக்கு மூக்கு மாதிரி இருந்தது. இப்போது முதுகு மெதுவாக இறங்கி வந்து விளிம்பைத் தொட்டது. கிளி மூக்குச் சாயல். அண்ணன் வந்து எட்டிப் பார்த்தான்.

“குட்டையா போயிடுச்சே?”

“நீங்களும்தான் குட்டை. நான் கட்டிக்கல?”

சனிக்கிழமை காலை கடைக்கு அண்ணியும் அவளும் போனார்கள். கடையின் பின்முற்றத்தில் ஒரு மரத்திண்டு, கயிற்றுச் சுருள், காய்ந்த கட்டைகள். கடைக்காரர் கத்தியைக் கையில் எடுத்ததுமே நெற்றியைச் சுருக்கினார்.

“போன தடவை மூக்கு நீளமா இருந்துச்சே?”

அண்ணி வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “நான்தான் ஒடிச்சேன் சார். பெயிண்ட் டப்பா மூடியை நெம்பினேன். அண்ணி திருத்தினாங்க.” சொன்னவளுக்கே அது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. அண்ணி திரும்பி அவளை, மெஷின் தானாக ஓட ஆரம்பித்ததைப் பார்ப்பதுபோல, பார்த்தாள்.

கடைக்காரர் கயிற்றை வெட்டினார். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. கத்தியைக் கட்டையின் மேல் வைத்து முதுகில் தடியால் தட்டினார். கட்டை நேராகப் பிளந்தது. பிறகு உள்ளே போய் ஒரு பெயிண்ட் டப்பாவோடு வந்தார். விளிம்பெல்லாம் காய்ந்து இறுகிப்போன பழைய டப்பா.

“இங்க வாங்கற ஆளுங்க எல்லாரும் செய்யறது இதைத்தான். செய்யக்கூடாதுன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. ஒடிஞ்சதும் என்கிட்டதான் சண்டைக்கு வருவாங்க” என்றார். கத்தியை ஒடித்தவளிடமே நீட்டினார். “நீங்க திறங்கம்மா. போன தடவை நெம்பின மாதிரியே.”

அவள் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “என்ன பாக்கற? ஸ்பூனா கேக்கற?”

முனையை மூடிக்கு அடியில் செருகி அழுத்தினாள். தகரம் முனகியது. அதே இடத்தில் அதே எதிர்ப்பு. அழுத்தினாள். டப் என்று ஒரு சத்தம். மூடி எகிறி முற்றத்தில் உருண்டு ஓடியது. முனை அப்படியே இருந்தது. ஒல்லியான நுனி போய், அலகின் தடித்த பகுதியே முனையாகிவிட்டிருந்தது. அது அசைந்து கொடுக்கவில்லை.

கடைக்காரர் அதை விரலால் தடவினார். “ஆறு வேணும். இதே மூக்கோட. அலமாரிச் சீட்டுல செஞ்சவங்க யாருன்னு என்ன எழுதட்டும்?”

“தையல் மெஷின் மெக்கானிக்னு எழுதுங்க” என்றாள் அண்ணி.

பேருந்தில் அண்ணி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, முன்சீட்டுக்காரியிடம் கத்தியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். இறங்குகிற இடம் வரும்போதுதான் இவள் பக்கம் திரும்பினாள்.

“ஊமைக்கோட்டான், ஒரு உதவி செய்வியா?”

“சொல்லுங்க அண்ணி.”

“இனிமே நான் செய்யற ஒவ்வொரு கத்தியும் வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி உன் கைக்கு வரும். உன்னால முடிஞ்ச வரைக்கும் ஒடிச்சுப் பாரு.”