நீட்டி இழுக்காத கயிறு

மகன் துபாயில் இருந்தால் தாய் கொடுத்துவைத்தவள் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்கள் தெரு மஹ்மூதா பீவியையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொடுப்பினை என்ன பாடு படுத்தியது என்பதை எதிர்வீட்டில் இருந்து பார்த்தவள் நான்.

பேட்டையில் பள்ளிவாசலுக்கு இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. கணவர் மவுத்தான பிறகு தனியாகத்தான் இருந்தார். எழுபது தாண்டியும் ஆள் துணை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. அவரே தண்ணீர் பிடிப்பார், அவரே மீன்காரியோடு சண்டை போடுவார், அந்த மீனை அவரே ஆய்வார். இவர் வாய்க்குப் பயந்து மீன்காரி பக்கத்துத் தெரு வழியாகப் போன நாட்களும் உண்டு.

ஒரே மகன் சல்மான் ஃபாரிஸ். துபாயில் ஒரு ஆஸ்பத்திரியில் எலக்ட்ரீஷியன். பெண் எடுத்தது காயல்பட்டினத்தில். மனைவியும் பிள்ளைகளும் அங்கே அவள் தாய்வீட்டில்தான். தொண்ணூற்றாறில் அவன் லீவுக்கு வந்திருந்தபோது மஹ்மூதா பீவி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். சிராய்ப்புதான். ஆனால் அவன் ஆடிப்போய்விட்டான். வீட்டைப் பூட்டிவிட்டு உம்மாவைக் காயலுக்குக் கூட்டிப்போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

“சம்பந்தி வீட்டுல போயி மூணு வேளையும் அடுத்தவ கையைப் பாத்துட்டு உக்காரவா? செத்தபெறவு என்னை இந்த வீட்டுல இருந்துதான்லே சந்தூக்குல தூக்கணும்” என்றார் அவர். அந்தச் சத்தம் என் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது.

இருவருக்கும் சமரசமாக ஒரு அழைப்பு மணி வந்தது. துபாய் ஆஸ்பத்திரியில் குளியலறைதோறும் தரை வரைக்கும் ஒரு சிவப்புக் கயிறு தொங்குமாம். விழுந்தவர் தரையில் கிடந்தபடியே இழுத்தால் நர்சுக்கு மணி அடிக்குமாம். அதையே இங்கே செய்தான். பேட்டையில் ரேடியோ கடை வைத்திருந்த அம்மையப்பனைக் கூட்டிவந்து, அடுப்படியிலும் குளியலறையிலும் கட்டில் பக்கத்திலும் கயிறு தொங்கவிட்டான். வயர் பின்சுவர் ஏறி, பின்தெருவில் இருக்கும் அகமது மீரான் வீட்டுக்குப் போனது. மணி அங்கே. கரண்டு போனாலும் அடிக்க வேண்டும் என்று பேட்டரி.

கயிற்றைப் பிடித்திருக்கிற மட்டும் மணி அடிக்கும். நீட்டி அடித்தால் ஆபத்து என்று பேச்சு. உடனே அகமது மீரானின் மனைவி ஆபிதா ஓடிவந்து பார்க்க வேண்டும். அகமது மீரான் முக்கில் இருக்கிற டெலிபோன் பூத்துக்கு ஓடித் துபாய்க்குச் சொல்ல வேண்டும். போகும்போது சல்மான் உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான்: “ஒரே ஒரு தடவ நீட்டி அடிச்சு எனக்குப் போன் வந்துச்சுன்னு வைங்க, அடுத்த பிளைட்ல வந்து பூட்டுப் போட்டுருவேன். பெறவு பேச்சுக் கெடையாது.”

பாசத்தில் சொன்னதுதான். அவனைக் குறை சொல்ல அப்போது எனக்கும் தோன்றவில்லை.

மணியோ அது பாட்டுக்கு வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. நம் ஆட்கள் கையில் ஒரு பொருளைக் கொடுத்தால், கொடுத்த காரியத்துக்கு மட்டுமா வைத்துக்கொள்வார்கள்? சின்னதாக ஒரு இழுப்பு இழுத்தால் ‘ஆபிதா, ஒரு எட்டு வந்துட்டுப் போ’ என்று அர்த்தமாகிவிட்டது. புளி வேண்டும் என்றாலும் இழுப்பார், ஊர்வம்பு பேச ஆள் வேண்டும் என்றாலும் இழுப்பார். நீட்டி மட்டும் இழுத்ததே இல்லை.

அடுத்த ஆண்டு ரமலான் வந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி கெட்டுப்போய்க் கிடந்தது. மோதினார் வெறும் குரலில் சொல்லும் பாங்கு எங்கள் தெருவுக்குக் கேட்கும், பின்தெருவுக்குக் கேட்காது. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம் என்று மஹ்மூதா பீவியே ஏற்றுக்கொண்டார். பொழுதடைந்து மக்ரிபுக்குப் பாங்கு காதில் விழுந்ததும் சின்னதாக ஒரு இழுப்பு. அங்கே ஆபிதாவும் மகள் ஃபஹ்மிதாவும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பு திறப்பார்கள். சில நாளிலேயே அந்த வீட்டில் கடிகாரம் பார்க்கிற பழக்கம் விட்டுப்போனது.

அன்றைக்கு மழை மேகம், பொழுது முன்னதாகவே மங்கிவிட்டது. மணி சின்னதாக அடித்தது. தாயும் மகளும் துஆ ஓதி, பழத்தைத் தின்று, தண்ணீர் குடித்து, ஆளுக்கொரு வடையை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் போன அகமது மீரான் தூக்குவாளியோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏளா, என்ன செய்யுதிய ரெண்டு பேரும்? இன்னும் பாங்கே சொல்லலியே!”

“மாமி மணி அடிச்சாவல்லா?” என்றாள் ஆபிதா.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்கிறது. பாங்கு சொல்லவில்லை என்றால் அந்த மணி எதற்கு? ஃபஹ்மிதா வாயில் இருந்த வடையைத் துப்பினாள். கஞ்சி தரையில் கொட்டியது. மூன்று பேரும் சந்து சுற்றி எங்கள் தெருவுக்குள் ஓடிவந்தார்கள். “டீச்சர், மாமி! மாமி!” என்று ஆபிதா என்னை அழைத்துப் போட்ட கூச்சலில் நானும் செருப்பில்லாமல் இறங்கி ஓடினேன்.

அடுப்படி முழுக்கப் புகை. கேஸ் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி கருகிக் காந்திக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும். நோன்பு திறக்கிற நேரத்தில் தெருவே எண்ணெய் வாசமாக இருப்பதால் எதிர்வீட்டில் இருந்த என் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் அடுப்பை அணைத்தேன். அதற்குக் கீழேதான் மஹ்மூதா பீவி கிடந்தார். ஒரு கால் கோணிக்கொண்டு, பார்க்கவே முடியாதபடி திரும்பியிருந்தது. கண் திறந்திருந்தது. ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

“உங்க நோம்பை முறிச்சுப்புட்டேனே, ஆபிதா” என்றார் அவர்.

துஆ ஓதுகிற சத்தமும் ஃபஹ்மிதா சிரிக்கிற சத்தமும் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. மணியைப் பாங்கு என்று நினைத்துவிட்டார்கள் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது, கூப்பிடத்தான் குரல் எழும்பவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதுவல்ல. கயிறு அவர் விரலில் சுற்றியிருந்தது. நீட்டி ஒரு இழுப்பு இழுக்க முடியாமல் இல்லை.

ஆபிதாவும் அதைப் பார்த்துவிட்டாள். “கயிறு கையிலதானே மாமி இருக்கு! நீட்டி இழுத்தா என்ன?” என்று கத்தினாள். அழுகையா கோபமா என்று தெரியாத கத்தல்.

“நீட்டி இழுத்தா ஒன் மாப்பிள்ள துபாய்க்குப் போன் போட்டுருவான்லா. சின்னதா இழுத்தா நீ மட்டும் பைய வந்து எட்டிப் பாப்பேன்னு நெனச்சேன்.”

தலைக்கு மேல் எண்ணெய் காய்கிறது, கால் ஒடிந்து கிடக்கிறது, உயிரைக் காப்பாற்றுகிற கயிறு விரலில் இருக்கிறது. இழுத்தால் வீடு போய்விடும் என்று இழுக்காமல் கிடந்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் மோதினாரின் பாங்கு கேட்டது. அங்கே நின்ற யாருக்கும் நோன்பு ஞாபகமே இல்லை.

கார் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். தொடை எலும்பு முறிவு. வழியெல்லாம் “அவன்ட்ட சொல்லிராதீய” என்றே கெஞ்சிக்கொண்டு வந்தார். சொல்லாமல் இருக்க முடியுமா? ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் அகமது மீரான் தலையைக் குனிந்துகொண்டு பூத்துக்குப் போனார்.

அந்த வாரமே சல்மான் வந்துவிட்டான். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆபிதா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“தலைக்கு மேல எண்ணெய் கொதிக்கி. அப்பவும் எனக்குப் பயந்தா கெடந்திய, உம்மா?”

இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். தாய்மார் சொல்வதுதானே.

“ஆமா வாப்பா” என்றார் மஹ்மூதா பீவி.

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். அத்தனை பெரிய ஆம்பிளை, தோள் குலுங்க அழுதான். பிறகு, “இனி எனக்கு யாரும் போன் போட வேண்டாம். மணி அடிச்சா அவிய வந்து பாத்தாப் போதும்” என்றான்.

“போன் போடட்டும். புள்ளைக்குத் தெரியாம என்ன? நீ பூட்டுப் போடாம இருந்தாச் சரி.”

“பூட்ட மாட்டேன் உம்மா.”

மஹ்மூதா பீவி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற பிள்ளை சொன்னால் போதாதா என்று எனக்குப் பட்டது. அவருக்குப் போதவில்லை.

“அல்லா மேல ஆணையாச் சொல்லு” என்றார்.

சொன்னான்.