நாற்பது பாகை ஒப்பந்தம்

அலுவல் நிமித்தம் அமெரிக்கா சென்று திரும்பிய என் மகன், கொண்டாப்பூரில் நானும் என் மனைவியும் குடியிருந்த அடுக்ககத்திற்கு ஒரு வானிலைக் கருவியைக் கொண்டுவந்து தந்தான். வெளியே மாட்டுவதற்கு உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்று. அது கம்பியின்றி அனுப்பும் வெப்பநிலையைக் கூடத்தில் காட்டும் திரை ஒன்று.

அதைச் சாட்சியாக வைத்து மனைவியுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். வெளியே வெப்பம் நாற்பது பாகையைத் தொட்டால்தான் ஏசி ஓடும். நாற்பதுக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடும். ஜீடிமெட்லாவில் மருந்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலனருகே முப்பதாண்டுகள் நின்றவன் நான். கோடைக்கு அஞ்சுவது எனக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது.

“பாய்லர் பக்கத்துல நின்னது நீங்க. நான் இல்லியே,” என்றாள். பிறகு சற்று யோசித்து, “ஹவ், சரி, நாப்பதுன்னா நாப்பது. அப்புறம் பேச்சு மாத்துறது மட்டும் நக்கோ, வேணாம்,” என்று உள்ளூர் உருது கலந்து சம்மதித்தாள்.

பெட்டி நிழலில் இருக்க வேண்டும், காற்றுப்பட வேண்டும், வடக்குப் பக்கமாயின் உத்தமம் என்றது கையேடு. அதை அவளுக்கு உரக்க வாசித்தும் காட்டினேன். சமையலறைக்குப் பின்னாலிருந்த பால்கனி இம்மூன்றுக்கும் பொருந்தியது. அங்கே குடிநீர்ப் பானையைச் சுற்றி ஈரச்சாக்கு போர்த்தியிருந்தோம். அச்சாக்கை ஒட்டினாற்போல் பெட்டியை மாட்டினேன். ஈரச்சாக்கு கூடாதென்று கையேட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மே மாதம் வந்தது. திரை முப்பத்து மூன்றைத் தாண்டவில்லை.

“ஏங்க, வெளிய தார் ரோடு உருகுது. உங்க டப்பா மட்டும் ஊட்டியில இருக்கா?”

“கருவி பொய் சொல்லாது,” என்றேன்.

மறுநாள் பிற்பகல் திரை நாற்பத்தொன்றைக் காட்டியது. வாக்குத் தவறாதவனாக நானே எழுந்து ஏசியை இயக்கினேன். அரைமணியில் நாற்பத்து நான்காயிற்று. மாலை ஐந்துக்கும் நாற்பத்து நான்கு. ஆறு மணிக்கு இடியுடன் மழை கொட்டியது. அப்போதும் நாற்பத்து நான்கு. அவள் போர்வையை இழுத்துப் போர்த்தியபடி தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால்கனிக்குச் சென்றேன். சாக்கினருகே பெட்டி இல்லை. எதிர்மூலையில், ஏசியின் அவுட்டோர் யூனிட் வெந்த காற்றை ஊதித் தள்ளும் முகத்துக்கு நேரே, பாவாடை நாடாவால் கட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏசி ஓடும்வரை வெப்பம் இறங்காது. வெப்பம் இறங்கும்வரை ஏசி நிற்காது. முப்பதாண்டுத் தொழிலனுபவத்தில் இத்தனை நேர்த்தியான அமைப்பை நான் கண்டதில்லை.

“இதை யார் இங்கே கட்டியது?”

பின்னாலேயே வந்து நின்றாள். “நெழலு இருக்கு. காத்து வருது. வடக்குதான். நீங்க படிச்சுக் காட்டினபடிதான் கட்டினேன்.” பிறகு பானையைப் பார்த்தாள். “வேணும்னா அந்தச் சாக்கையும் அவுத்துட்டு வந்து இதுக்குச் சுத்திவிடவா?”

சாக்கின் விவகாரம் அவளுக்கு எப்போதிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. சாரலில் பெட்டி ஆடிக்கொண்டிருந்தது, முடிச்சு தளர்ந்திருந்தது. நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளே வந்து, போர்வையின் மறுமுனையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.