குங்குமப்பூக் கிறீமும் ஒரு பேச்சுக்கால் படமும்

என் மகள் வங்கி வேலையை விட்டுவிட்டு முகத்துக்குப் பூசும் கிறீம் காய்ச்சப் போவதாகச் சொன்ன அன்று நான் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கோப்புத் தள்ளியவள் நான். கெட்ட செய்தி காலையில்தான் வரும் என்று எனக்குத் தெரியும். சம்பல் வேணுமோ என்று மட்டும் கேட்டேன்.

சும்மா கிறீம் இல்லையாம். முழுக்க இயற்கை, முழுக்க மூலிகை, முழுக்க அறம். கற்றாழை, வெள்ளரி, தேங்காயெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே அசல் குங்குமப்பூ. பூப் பறிப்பவருக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்றுகூட விசாரித்துத்தான் வாங்குவாளாம். எனக்குப் பென்சன் ஒழுங்காக வருகிறதா என்று இந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் விசாரித்ததில்லை.

தேன்மெழுகு சேர்த்தால் கிறீம் இறுகும் என்று நான் எங்கேயோ வாசித்ததைச் சொன்னேன். கூடாதாம், அது தேனீயின் உழைப்பைத் திருடுவதாம். விலங்குகளில் பூசிப் பரிசோதிக்கவும் கூடாதாம். ஆகையால் என்னிலும் தகப்பனிலும் பூசிப் பரிசோதித்தாள். அவருக்கு இடது கன்னத்தில் மட்டும். ஒரு மாதம் முழுக்க மனுசன் ஒரு கன்னம் பளபளக்க, மறு கன்னம் காய்ந்துபோய் மீன் வாங்கப் போய்வந்தார். முயலுக்குச் செய்யக்கூடாததைத் தகப்பனுக்குச் செய்யலாம் என்று எந்த அறம் சொல்லுகிறது என்று கேட்டேன். அப்பா சம்மதம் தந்தவர் என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே ஓம் என்றார். அவர் வாழ்க்கையில் சம்மதம் தராத விஷயம் என்று ஒன்றை நான் கண்டதில்லை.

எங்கள் வீடு கொழும்பில், வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், நாலாம் மாடியில். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை அடக்கவேண்டும். அதற்குள் அவள் தராசும் வெப்பமானியும் கண்ணாடிப் போத்தல்களும் கொண்டுவந்து அடுக்கினாள். குங்குமப்பூவுக்காகக் கொட்டாஞ்சேனை வரைக்கும் அலைந்தோம். கடைக்காரர் முன்னாலேயே வெதுவெதுப்பான தண்ணீர்க் கோப்பையில் நாலு இழையைப் போட்டுவிட்டுக் கைகட்டிக்கொண்டு நிற்பாள். உடனே சாயம் விட்டால் அது கள்ளப் பூ. மெல்ல மெல்ல மஞ்சள் இறங்கி, இழை சிவப்பாகவே கிடந்தால்தான் அசல். மூன்று கடைக்காரரை இப்படிக் கோப்பையோடு அவமானப்படுத்திய பிறகு நாலாவது கடையில் அசல் கிடைத்தது. அந்த மனுசன் என்னைப் பார்த்து, உங்கட மகளைக் கட்டப்போறவன் பாவம் அம்மா என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது.

கிறீம் நல்ல கிறீம்தான், அதைச் சொல்லவேண்டும். என் முழங்கையில் இருந்த வெடிப்பு போய்விட்டது. ஆனால் கெடாமல் வைக்கும் மருந்து எதுவும் சேர்க்கமாட்டாள், ஆகையால் ஆறு கிழமைதான் தாங்கும், அதுவும் ஃபிரிட்ஜுக்குள் வைத்தால். என் ஃபிரிட்ஜில் அறக்குளா மீன் கீழ்த்தட்டுக்கு இறங்கியது, பிறகு வெளியே போனது. இந்த வீட்டில் குங்குமப்பூவுக்கு ஒரு குளிர்ந்த இடம் இருந்தது, எனக்கு ஒரு தயிர்ச்சட்டி வைக்க இடமில்லை.

லேபலில் ஒரு சட்டம் இருந்தது: வெள்ளை என்ற சொல் வரக்கூடாது. சிவப்பாக்கும், பிரகாசமாக்கும், நிறம் கூட்டும், ஒன்றும் கூடாது. தோல் காயாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். பணக்காரர் வாழும் கொழும்பு ஏழில் மரங்களுக்குக் கீழே நடக்கும் ஒரு சந்தையில் கொண்டுபோய் வைத்தாள். தொப்பி போட்ட சீமாட்டிகள் முகர்ந்து பார்த்து, இங்கிலீசில் பெருமூச்சு விட்டு, வாங்கினார்கள். ஏற்கனவே வெள்ளையாக இருப்பவர்களுக்கு வெள்ளையாக்காத கிறீம் வாங்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

வெள்ளவத்தைதான் கஷ்டம். எங்கள் ஆட்கள் கதவைத் தட்டி, போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: எத்தனை நாளில வெள்ளையாகும்? மகள் அவர்களை இருத்தி, தண்ணீர் கொடுத்து, அரை மணித்தியாலம் விளங்கப்படுத்துவாள். ஐந்தாம் மாடி அன்ரியிடம் அவள் சொன்னதை நான் குசினிக்குள் நின்று கேட்டேன்.

"நிறம் ஒரு வருத்தமில்லை அன்ரி, மருந்து பூச."

"வருத்தமில்லைத்தான் பிள்ளை. ஆனா மாறினா நல்லம்தானே."

அன்ரி தண்ணீரைக் குடித்துவிட்டு, வெறுங்கையோடு மாடியேறினார். இப்படித்தான் எல்லாரும். போத்தல்கள் ஃபிரிட்ஜில் இருந்து திகதி முடிந்து குப்பைக்குப் போயின. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டுவாள், நாங்கள் பார்க்கக்கூடாதாம்.

கடைசியில் ஒருநாள் சொன்னாள்: இன்னும் மூன்று மாதம் பார்க்கிறேன், சரிவராவிட்டால் மெல்பேர்ணுக்குப் படிக்கப் போகிறேன், அங்கே இருக்கிற மாமாவோடு கதைத்துவிட்டேன் என்று. மூத்தவன் ரொறன்ரோவுக்கு இரண்டு வருடத்துக்கென்று போய்ப் பதினொரு வருடமாகிறது. அவனுடைய பிள்ளைக்கு முளைத்த பல்லையெல்லாம் நான் ஃபோன் கண்ணாடியில்தான் எண்ணியிருக்கிறேன். இவளும் போய்விட்டால், இந்த நாலாம் மாடியில் நானும், எல்லாவற்றுக்கும் சம்மதம் தரும் ஒரு மனுசனும் மட்டும். என்ன செய்தாவது அந்தப் போத்தல்கள் விற்கவேண்டும் என்று நினைத்தேன். நான் செய்தது எல்லாம் அந்த ஒரு பயத்தில்தான்.

எங்கள் தொடர்மாடிக்காரருக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் நிற்கும் நேரம், லிஃப்ட் பழுது, விடியற்காலையில் பூப்படம் போட்ட காலை வணக்கம். அந்தப் பூப்படங்களுக்குப் பயந்து மகள் எப்போதோ குழுவை விட்டு விலகிவிட்டாள். அதில் நான் அவளுடைய இரண்டு படங்களைப் போட்டேன். ஒன்று, வங்கி அடையாள அட்டைப் படம். எந்தப் பிள்ளையையும் பொலிஸ் தேடுகிற ஆளாகக் காட்டும் படம் அது. மற்றது, காலி வீதியில் ஒரு ஸ்ரூடியோவில் பச்சைச் சேலையோடு எடுத்த படம். அதில் முகம் பால் மாதிரி இருந்தது. முதல் படத்துக்குக் கீழே 'முன்' என்று எழுதினேன். இரண்டாவதுக்குக் கீழே 'பின்' என்று எழுதினேன். வேறு ஒரு சொல் எழுதவில்லை. கவனியுங்கள், அது பொய்யே இல்லை. அட்டைப் படம் முன்னர் எடுத்தது, சேலைப் படம் பின்னர் எடுத்தது. கந்தோரில் இப்படி எழுதித்தான் எத்தனையோ கோப்புகளைக் கரைசேர்த்திருக்கிறேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றுகூட முழுதாகச் சொல்லவில்லை.

பின்னேரமே ஐந்தாம் மாடி அன்ரி இறங்கி வந்து நாலு போத்தல் கேட்டார். அடுத்த நாள் அவருடைய தங்கை, தங்கையின் சம்பந்தி, கோயிலில் காணும் ஒரு டீச்சர். படம் கிருலப்பனைக்குப் போய், அங்கிருந்து மருதானைக்குப் போய், திரும்பி எங்கள் ஒழுங்கைக்கே வந்தது. வந்தவர்களை வாசலிலேயே மறித்து, அதைப்பற்றி உள்ளே கதைக்கவேண்டாம், பிள்ளைக்குக் கூச்சம் என்று சொல்லிவைத்தேன். எங்கள் ஆட்கள் இதில் கெட்டிக்காரர். முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மகள் இருத்தி நடத்திய விளக்கத்தையெல்லாம் தலையாட்டிக் கேட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு போனார்கள். நேரே நிற்கும் பிள்ளை கறுப்பாகத்தானே நிற்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படம் இருக்கும்போது முகத்தை யார் பார்க்கிறார்கள்.

மகளுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லத் தேவையில்லை. இரவல் அடுப்பு ஒன்று எடுத்தாள். பாட்டுப் போட்டுக்கொண்டு காய்ச்சினாள். ஒருநாள் என்னைக் கட்டிப்பிடித்து, "ஆக்கள் மாறிக்கொண்டு வருகினம் அம்மா" என்றாள். நான் ஓம் என்றேன். அந்த ஓமை விழுங்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. ஆனால் மெல்பேர்ண் கதை நின்றுவிட்டது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை முற்பகல், நான் கீழே மரக்கறிக்காரரிடம் நின்ற நேரம் பார்த்து, கிருலப்பனையிலிருந்து ஒரு பெண் தன் மகளோடு வந்திருக்கிறாள். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். நல்ல கறுப்பு, நல்ல கண். நான் பையோடு மேலே வரும்போது மூன்று பேரும் மேசையில் இருந்தார்கள். அந்தப் பெண் கையில் ஃபோன். அவள் ஃபோனைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள், திரும்பவும் ஃபோனைப் பார்த்தாள். படம் பொய் என்று அவளுக்கு அப்போதும் தோன்றவில்லை. மிகவும் அனுதாபத்தோடு கேட்டாள்:

"நீங்கள் பூசுறதை விட்டிட்டீங்களோ தங்கச்சி? விட்டாத் திரும்பக் கறுத்திடுமோ?"

மகள் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னை ஒருக்கால் பார்த்துவிட்டு, அந்தச் சின்னப் பிள்ளையின் பக்கம் திரும்பி, இது தோல் காயாமல் இருப்பதற்கு, நிறத்தை மாற்றாது, மாற்றவும் தேவையில்லை, படம் பிழையான படம் என்று மெதுவாகச் சொன்னாள். பிள்ளை தாயைப் பார்த்தது. தாய்க்கு முகம் சுண்டிவிட்டது. அப்படியும் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டுதான் போனாள், ஒருவேளை மாற்றினாலும் மாற்றும் என்று.

கதவு சாத்தியதும் சத்தம் போடுவாள் என்று நின்றேன். அதற்கு வேண்டிய பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்: உனக்காகத்தான் செய்தேன், நீ போய்விடுவாய் என்ற பயத்தில் செய்தேன் என்று. அவள் சத்தம் போடவில்லை. வேறொன்று கேட்டாள்.

"இது கிறீம் துவங்கிறதுக்கு முதல் எடுத்த படமெல்லே அம்மா. அப்ப எதுக்கு இப்பிடி வெள்ளையாச் செய்விச்சனீங்கள்?"

கலியாணப் பேச்சுக்காலுக்கு எல்லா வீட்டிலும் செய்வதுதான், கொஞ்சம் வெளிச்சம் போடச் சொன்னேன் என்றேன். எத்தனை வீட்டுக்கு அனுப்பியது என்று கேட்டாள். ஏழு என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

ஏழில் ஒரு வீட்டார்தான் நேரே பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளையும் தாயும் தமக்கையும். கதவு திறந்ததும் அவளைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வடையில் பாதி சாப்பிட்டு, ரயில் நேரம் என்று எழும்பிப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் அவளிடம், பொருத்தம் சரியில்லையாம் என்று சொல்லிவிட்டேன்.

"அவையள் என்னைப் பார்த்த பார்வைக்கு, என்ர முகத்தில என்னவோ பிழை எண்டு ரெண்டு மாசம் கண்ணாடி பார்த்தனான் அம்மா. அவையள் அந்தப் படத்தை எல்லோ தேடினவை."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு வேறு சொல் இல்லை. நான் பெற்ற பிள்ளையை, என்னைப்போலவே கறுப்பான பிள்ளையை, கதவைத் திறந்ததும் ஏமாற்றமாக நிற்க வைத்தது நான்தான். அந்த மாப்பிள்ளை வீட்டாரை ஒரு வருடம் திட்டித் தீர்த்தேன். பாவம், அவர்கள் விளம்பரத்தை நம்பி வந்த ஆட்கள்.

அன்று மத்தியானமே வட்ஸ்அப் குழுவில் எழுதினேன். படத்துக்கும் கிறீமுக்கும் சம்பந்தமில்லை, அது ஸ்ரூடியோவில் மாற்றியது, போட்டது என் பிழை, மன்னிக்கவேண்டும் என்று. பிறகு ஐந்தாம் மாடி அன்ரி, அது எந்த ஸ்ரூடியோ என்று கேட்டார்.

மகள் மெல்பேர்ணுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே, பாமன்கடை என்ற இடத்தில் ஒரு அறையும் குசினியும் எடுத்துக்கொண்டு போனாள். நடந்தால் கால் மணித்தியாலம். ஆகாய விமானத்தில் போகாமல் தடுத்த பிள்ளையை ஆட்டோவில் அனுப்பிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறாள், வரமுதல் ஃபோன் எடுத்துக் கேட்டுவிட்டு வருகிறாள். என் சொந்தப் பிள்ளை, வரலாமோ என்று கேட்கிறாள். கிறீம் குறைவாக விற்கிறதாம், ஆனால் விற்கிறதாம்.

போன ஞாயிறு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, திரும்பாமலே கேட்டாள்.

"அண்டைக்கு அந்தச் சேலையில நான் வடிவாத்தான் இருந்தனான், எனக்குத் தெரியும். வெளிச்சம் போடாத படம் இருக்கோ அம்மா?"

தேடிப் பார்க்கிறேன் என்றேன். திங்கட்கிழமை விடிந்ததும் ஸ்ரூடியோவுக்குப் போனேன். ஸ்ரூடியோக்காரர் கணினியில் தேடினார், பழைய சீடித் தட்டுகளில் தேடினார். பிறகு, திருத்தினதைத்தான் வைத்திருப்போம், மற்றதை அழித்துவிடுவோம், நீங்களும் அதைத்தானே கேட்டீங்கள் என்றார். ஓம், நான்தான் கேட்டேன்.

வரும் ஞாயிறு அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. படம் எடுத்த அன்று சேலைக் கொய்யக மடிப்பை நான்தான் பிடித்துவிட்டேன், பொட்டும் நான்தான் வைத்துவிட்டேன், ஒரு முழ தூரத்தில் நின்று அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த முகம் எப்படி இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்க்கிறேன். எனக்கு வருவது ஸ்ரூடியோக்காரர் செய்த முகம்.