சுகமாகாமலே நம்மோடு இருந்த ரோஸ்லின்

“எங்க வலிக்குதுங்க, சார்?” என்று ரோஸ்லின் ஒருமுறை என்னைக் கேட்டார். “எங்கயும் இல்லீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சென்ற வியாழக்கிழமை காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சுனிதாவிடமிருந்து போன் வந்தது. ஒடிசாவிலிருந்து வந்து, ரோஸ்லின் வேலை பார்த்த அதே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர் அவர். ரோஸ்லினுக்குப் பக்கத்து அறையில் குடியிருப்பவர். “சார், அக்கா எழுந்திரிக்கல. டாக்டர் வந்தாச்சு. ஹார்ட்டுன்னு சொல்றாங்க” என்றார். போனை வைத்த பிறகும் பால் பாக்கெட்டோடு நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பழைய கேள்வி மறுபடி காதில் விழுந்தது.

நம் சபையாருக்கு ரோஸ்லினைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேவூர்ப் பக்கம் பிறந்தவர். கணவர் விட்டுப் போன பின் திருப்பூருக்கு வந்து, கம்பெனியில் செக்கிங் பிரிவில் சேர்ந்தார். சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய். மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும், விட்டால் வரும். அவ்வளவுதான் அந்த நோயின் கதை. அதை வேறு கதையாக்கியவர்கள் நாம்.

இனிமையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. எனக்கு அருவருப்புத்தான் வருகிறது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நம் சபை ஒரு கல்யாண மண்டபத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தியது நினைவிருக்கும். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் ரோஸ்லினை மேடைக்கு அழைத்தார். தலையில் கை வைத்து ஜெபித்தார். “விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?” என்றார். ரோஸ்லின் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். அவர் அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டுக் காலில் போட்டு மிதித்தார். மண்டபமே எழுந்து கைதட்டியது.

நானும் தட்டினேன். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். மின்சாரம் ஏறி இறங்கும்போது வீட்டு விளக்கு படபடக்கிறதே, அதுபோல மூளைக்குள் நடப்பதுதான் வலிப்பு என்று ஒவ்வொரு வகுப்பிலும் உதாரணம் சொன்னவன். “மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. விழுந்தவர் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், அதனால் ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், காற்று வர விடுங்கள்” என்று மாணவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தவன். அன்று என் கைகள் வலிக்கும்வரை தட்டினேன்.

அடுத்த ஞாயிறு ரோஸ்லினை, சுகமாயிற்று என்று சாட்சி சொல்ல வைத்தோம். அதற்கடுத்த வாரம் திருவிருந்து. பலிபீடத்தின் முன் வரிசையில் மண்டியிட்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அப்பத்தட்டு சிதறியது. “சாவி! சாவி! இரும்பக் கையில குடுங்க!” என்று யாரோ கத்தினார்கள். நான் சபைக் கமிட்டிச் செயலாளர். பாக்கெட்டிலிருந்து கோயில் சாவிக்கொத்தை எடுத்து அவருடைய இறுகிய விரல்களுக்குள் திணித்தேன். முப்பது வருடப் பாடம் ஒரு நொடியில் போயிற்று. அவருடைய சேலை நனைந்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டிருந்தவர்கள் தங்கள் உடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சிலர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அருவருப்பை அன்று நாம் தவறான ஆள்மீது செலவழித்தோம்.

அந்த வாரமே கமிட்டி கூடியது. பொருளாளர் ஸ்டீபன் சொன்னார்: “பாவந்தானுங்க, இல்லீங்கல. ஆனா ஊரே சிரிக்குது. சுகமாயிருச்சுன்னு சாட்சி சொன்ன பொம்பள, கோயலுக்குள்ளயே உழுந்தா நாம என்னன்னு பதில் சொல்றது? கொஞ்ச நாளைக்கு ஊட்டுலயே ஜெபம் பண்ணட்டுமுங்க.” ஒருவரும் மறுக்கவில்லை. பிரசங்கியாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அதைத் தீர்மானமாக எழுதினேன், கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக. சேதி சொல்லப் போனவனும் நான்தான்.

ரோஸ்லினின் நெற்றியில் தையல் போட்டிருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போய் மறுபடி மாத்திரை வாங்கி வந்திருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

“எத்தன நாளைக்குங்க சார்?”

“சுகமாகற வரைக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். “அப்பச் சுகமா இருக்கறவிய மட்டுந்தான் கோயலுக்கு வரோணுமுங்களா? அப்புறம் அத்தன பெஞ்சு எதுக்குங்க?” என்றார். பிறகு அலமாரியைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். “உங்குளுதுங்க. ஆசுபத்திரில கை விரிச்சப்பத்தான் பாத்தனுங்க. பத்தரமா வெச்சிருக்கறேன்.”

கோயிலுக்கு வராதே என்று சொல்லப் போனவன், கோயில் சாவியை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவர் வராமல் இருக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. அந்த பெஞ்சில் யாரும் உட்காரவும் இல்லை. திருவிருந்தின்போது, “நீங்க முன்னால வர வேண்டாம், நாங்களே கொண்டாந்து தர்றோம்” என்றோம். அதைக் கரிசனம் என்று நமக்குள் சொல்லிக்கொண்டோம்.

மனசு கேட்காமல் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் ஒற்றை அறை. அங்கே சுனிதா இருந்தார், வீட்டுக்காரம்மா பழனியம்மாள் இருந்தார். ஏதாவது உதவி வேண்டுமா என்று பொதுவாகக் கேட்டேன். என் மாத்திரை நேரம் வந்தது. என் மனைவி இறந்த பிறகு நான் மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தேன். அது யாருக்கும் தெரியக் கூடாது என்று, மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். தண்ணீர் வாங்கி ஒன்றை விழுங்கினேன். ரோஸ்லின் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்கப் பனியனைத் திருப்பித் திருப்பிப் பழுது தேடுகிற கண்.

“சத்து மாத்தரைய ஆருங்க சார் கதவப் பாத்துட்டு முழுங்குவாங்க?” என்றார். பிறகுதான், குரலைத் தாழ்த்தி, அந்தக் கேள்வி. “எங்க வலிக்குதுங்க, சார்?”

நான் எழுந்து வந்துவிட்டேன் என்று சொன்னேனல்லவா? ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு புதன்கிழமை போனேன். அவர்கள் பாய் விரித்து ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஜெபத்தைக் கேட்டிராதவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும். பாட்டில்லை, சத்தமில்லை. ஒவ்வொருவரும் தனக்கு வலிக்கிற ஒரே ஓர் இடத்தைச் சொல்ல வேண்டும். ரோஸ்லின் ஜெபித்தார்: “ஆண்டவரே, இடது கை இன்னைக்கு நடுங்குச்சு. நேத்து இல்ல. மெசின் சத்தத்துல உழுந்திருவனோன்னு பயமா இருக்குது. கூட இரும்.” அவ்வளவுதான். சுனிதா நெஞ்சைத் தொட்டு, “யேசுஜி, இங்க” என்றார். அதற்குமேல் தமிழ் வரவில்லை. “போதுங் கண்ணு, எடம் காட்டியாச்சு” என்றார் ரோஸ்லின்.

ஏன் இப்படி என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஸ்டிக்கர் சுருளை எடுத்துக் காட்டினார். சிவப்பு நிறத்தில் அம்புகள். செக்கிங்கில் ஓட்டையோ, கறையோ, விட்டுப்போன தையலோ கண்டால் அந்த இடத்தில் ஓர் அம்பை ஒட்டித் தையல்காரருக்குத் திருப்பி அனுப்புவார்கள்.

“அம்பு ஒட்டறது பீஸத் தூக்கி எறியறதுக்கில்லீங்க சார். எறியறதுன்னா ஸ்டிக்கர் எதுக்கு? எங்க கை வெக்கோணும்னு காட்டறதுக்கு. ‘ஆண்டவரே, எல்லாருக்கும் சொகம் குடும்’னு பொதுவாச் சொன்னா, பண்டல் மேல ‘பழுது’ன்னு எழுதி அனுப்பற மாதரி. டெய்லர் எங்கன்னு தேடுவாப்ல?”

“ஆண்டவருக்குத் தெரியாதா எந்த இடம்னு?”

“அவருக்குத் தெரியுமுங்க. நமக்குத்தான் தெரியோணும்.”

வகுப்பில் எத்தனையோ உதாரணம் சொல்லியிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்று என்னிடம் இல்லை.

அன்று நான் வாய் திறந்தேன். “காலைல எழுந்திரிக்கவே பிடிக்கறதில்ல. அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். வெளிய சொல்ல வெட்கமா இருக்கு” என்றேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை, தலையில் கை வைக்கவில்லை. பழனியம்மாள் மட்டும், “அட, இதுக்கா சாமி இத்தன நாளு? நானுந்தான் தூக்கத்துக்குப் போட்டுக்கறேன்” என்றார். ரோஸ்லின், “நாலு பேத்துக்கு ஆறு டப்பா. மெடிக்கல் கடையே வெச்சரலாமுங்க” என்றார். மனைவி போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

இன்னொரு நாள் ரோஸ்லின் சொன்னார்: “உயிர்த்தெழுந்து வந்தப்பவும் ஆண்டவர் கையில காயம் அப்படியேதானுங்க இருந்துச்சு. அத மறைச்சுட்டு வரலியே. காட்டித்தான அவருன்னு தெரிஞ்சுது?”

இவ்வளவும் நடந்த பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? புதன்கிழமைகளில் அவர் பாயில் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செயலாளர் என்று முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கடைசி பெஞ்சுக்கு இருபது எட்டு வைத்தால் போதும். ஒருநாளும் நடக்கவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. மற்றவர்களை எண்ணி வரும் அருவருப்பைத் துப்பிவிடலாம். என்னை எண்ணி வருவதை எங்கே துப்புவது?

அடக்கத்தன்று தெருமுனையில் ஒரு பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். “விசுவாச வீராங்கனை” என்று கொட்டை எழுத்து. ரோஸ்லினின் படம் நடுவில் சிறியதாக, சுற்றிலும் கமிட்டியார் படங்கள் பெரிதாக, கைகூப்பிய நிலையில். என் படமும் இருந்தது. பேனருக்குக் கீழே நின்று ஒருவர், “மாத்தர போட்டதால விசுவாசம் கொறஞ்சு போச்சுங்க, அதான் ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு” என்று இன்னொருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மாரடைப்பில் போன பெண்ணைப் பற்றி.

பெட்டியின் பக்கத்தில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டியவன் நான். ஸ்டீபன் தாளைக் கையில் கொடுத்தார். பிறந்த ஊர், ஞானஸ்நானம் எல்லாம் சரியாக இருந்தது. நடுவில் ஒரு வரி: “கர்த்தர் இவரைக் கொடிய நோயிலிருந்து பூரணமாகச் சுகமாக்கினார். கடைசிவரை இவர் அதற்குச் சாட்சியாக வாழ்ந்தார்.”

வாசித்துவிட்டுப் போயிருக்கலாம். அழகான குரல் என்று பாராட்டியிருப்பீர்கள். ரோஸ்லினை வாழ்நாளில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளியதுபோல, பெட்டிக்குள்ளிருந்தும் வெளியே தள்ளிவிட்டு, நமக்குப் பிடித்த வேறொரு பெண்ணை அடக்கம் செய்திருப்போம்.

சுனிதா தலைமாட்டில் அந்தக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குனிந்து ஸ்டிக்கர் சுருளைக் கேட்டேன். உள்ளே மாத்திரை அட்டையோடு சேர்ந்து கிடந்தது. ஓர் அம்பை உரித்து அந்த வரியின்மேல் ஒட்டினேன். வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தினேன்.

“இந்த வரியில பழுது இருக்கு” என்றேன். “ரோஸ்லினுக்குச் சுகமாகவில்லை. கடைசி ராத்திரி வரைக்கும் மாத்திரை சாப்பிட்டாங்க. அந்த மாத்திரையை மிதிச்சப்ப நாம கைதட்டினோம். அவங்க விழுந்தப்ப வீட்டிலேயே இருன்னு எழுதினது இந்தக் கை. சுகமாகாமலே அவங்க நம்மகூட உட்கார்ந்திருந்தாங்க. நாமதான் அவங்ககூட உட்காரல.”

ஸ்டீபன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “சார், பொணத்த வெச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்குங்க?”

“பொணத்த வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லலாமுங்களா?”

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். சுனிதா மட்டும் சத்தமாக, “ஆமா சார். அக்கா டெய்லி ரெண்டு வேளை போட்டாங்க” என்றார். மீதி வரிகளை வாசித்து முடித்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, அன்று திருவிருந்தில் ரோஸ்லினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்த ஓர் அம்மா என்னோடு சேர்ந்து நடந்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு முதலில் நகர்ந்தவர் அவர்தான். “சாருங்க, ரோஸ்லினு போயிட்டிருந்த ஆசுபத்திரில அந்த டாக்டர் எந்தக் கெழமைங்க பாப்பாரு?” என்றார். “எம் மகளுக்குங்க. இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க.” கிழமையைச் சொன்னேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

அந்த ஸ்டிக்கர் சுருளை சுனிதா என்னிடமே கொடுத்துவிட்டார். என் சத்து மாத்திரை டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டேன். மாத்திரை அட்டை இப்போது மேஜைமேல், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, அந்தச் சுருளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைசி பெஞ்சும் இனி என்னுடையது.

சபையாரே, ரோஸ்லினுக்கு மலர்வளையம் போதும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, யார் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறதோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். “எங்க வலிக்குதுங்க?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள்.