பதிலாள் வீரம்மா

வீரம்மா என்ற பேரைச் செல்லாயி முதன்முதலில் கேட்டது பெரட்டில்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத்தான் பெரட்டு என்பார்கள். அன்றைக்குத் தோட்டத்துக் கணக்கர் ஐயாத்துரை கிராணி "ராமையா" என்று கூப்பிட்டார். ஆண்குரல் வரவேண்டிய இடத்தில் ஒரு பெண்குரல் "ஆங்க" என்றது. கிராணி விளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"நீ ஆர் பிள்ளை?"

"வீரம்மா. அப்பாவுக்கு முடியலைங்க. நான் பதிலாள்."

ராமையா செல்லாயியின் அத்தைக்குக் கொழுந்தன் முறை. அவருக்கு மூத்த பெண் ஒன்று உண்டு என்பது செல்லாயிக்குத் தெரியும், பேர் தெரியாது. வேறு டிவிஷன் பிள்ளை. உளியை இடுப்பில் செருகிக்கொண்டு, அப்பாவின் பழைய சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றது.

தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஒரு ஆள் படுத்துவிட்டால் அவர் நிரையை, அதாவது அவருக்கு ஒதுக்கிய மர வரிசையை, வீட்டாள் யாராவது வந்து சீவ வேண்டும். இல்லையென்றால் அந்த மரங்கள் வேறு ஆளுக்குப் போய்விடும். உழைப்பு பதிலாளுடையது, பேர் படுத்தவருடையது. பட்டையில் ஏற்கெனவே போட்டிருக்கிற கோட்டில்தான் பதிலாள் உளி ஓட்டலாம். புதுப்பட்டையைத் தொடக்கூடாது. மரம் அவருடையது அல்லவா.

சில மாதம் போனதும் கோடு மரத்தின் அடிவரை இறங்கிவிட்டது. பால் குறைந்தது. மறுபக்கம் புதுக்கோடு போடு என்று பக்கத்து நிரைக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வீரம்மா கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் அப்பாவிடம் கேட்டாள். அவர் படுத்தபடியே தன் கையில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். மறுநாள் அதே சாய்வில் புதுக்கோடு போட்டாள். ராமையா எழுந்து வந்தபோது நிரை அவர் பேரிலேயே இருந்தது. செல்லாயி அன்றைக்கே அம்மாவிடம் போய், நம் சீனிக்கு இந்தப் பெண்ணைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். சீனி அவளுடைய தம்பி.

கல்யாணம் ஆயிற்று. ஒரு பெண் பிறந்தாள். இப்போது கட்டிக்கொடுத்து ஜொகூரில் இருக்கிறாள். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் சீனி லாரிக்குப் போனான், குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீடு, பின்னால் சுண்ணாம்பு மலை. வீரம்மாவுக்குப் பள்ளிக்கூட கேண்டீனில் வேலை. செல்லாயி மட்டும் சுங்கை சிப்புட்டிலேயே தங்கிவிட்டாள்.

தோட்டத்தில் பந்து விளையாடிய பையன்கள், சீனியையும் சேர்த்துப் பத்துப் பேர், இன்னும் கூட்டாகத்தான் இருக்கிறார்கள். எல்லாருக்கும் தொப்பை விழுந்துவிட்டது, ஓட முடியாது. அதனால் ஃபோனில் ஆடுகிறார்கள். பேண்டசி லீக் என்று பேர். இங்கிலாந்தில் நிஜமாக ஆடுகிறவர்களில் பதினைந்து பேரைப் பொறுக்கி ஆளுக்கு ஒரு குழு வைத்துக்கொள்வது. அங்கே அவன் கோல் போட்டால் இங்கே இவனுக்குப் பாயிண்ட். கேப்டன் என்று குறித்தவனுக்கு இரட்டிப்பு. வாரம் ஒரு ஆளைச் சும்மா மாற்றலாம், அதற்கு மேல் மாற்றினால் பாயிண்டை வெட்டுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் குழுவைப் பூட்டிவிடும். அந்த நேரத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பேரும் பெரட்டுதான்.

ஐயாத்துரை கிராணியின் மகன் முகுந்தன்தான் இதற்குத் தலைவர். அவரும் அந்தத் தோட்டத்துப் பந்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் சிலர் குழுவைப் பாதியில் போட்டுவிட்டதால் ஆட்டம் கெட்டுப்போனது. ஆகவே இந்த வருடம் ஒரு சட்டம் போட்டார். ஐந்தாம் வாரம் முடியும்போது கடைசியில் இருப்பவர் தன் இடத்தை வெளியே காத்திருக்கும் ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். காத்திருந்தது மகேந்திரனின் மச்சான் பவித்ரன். மகேந்திரனும் பத்துப் பேரில் ஒருவன், சீனிக்கு லாரிக்கூட்டாளி.

முதல் வாரம் சீனி மூன்றாவது. அந்தச் செவ்வாய்க்கிழமை கோப்பெங் பக்கம் லாரியில் ஏறப் போனவன் அப்படியே சரிந்துவிட்டான். பக்கவாதம். வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. வீரம்மாவுக்குத் துணையாகச் செல்லாயி துணிப்பையோடு வந்து இறங்கினாள்.

முகுந்தன் ஆஸ்பத்திரிக்கு வந்தவர், சீனி இடத்துக்குப் பதிலாள் இருக்கலாம், பேர் சீனி பேராகவே ஓடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். வீரம்மா சீனியின் ஃபோனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சனிக்கிழமை தோறும் சாயங்காலம் வீரம்மா ஃபோனைத் திறப்பாள். பதினைந்து முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். மூடிவிடுவாள். பெரட்டு முடிந்தது. ஒரு ஆளையும் மாற்ற மாட்டாள். இரண்டாம் வாரமே சீனியின் கேப்டனுக்குக் கணுக்கால் முறிந்து முகத்துக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் வந்துவிட்டது. இன்னொருவனை வேறு நாட்டுக் குழுவுக்கு விற்றுவிட்டார்கள். குழு ஆறாவதுக்கு இறங்கியது, அப்புறம் ஒன்பதாவது. நான்காம் வாரம் முடிந்தபோது பத்தாவது.

சீனிக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. வீரம்மாவைக் கண்டதும் இடக்கை விரலை ஆட்டுவான். எத்தனாவது? வீரம்மா ஐந்து விரலைக் காட்டுவாள். அவன் கண்ணை மூடிக்கொள்வான். மருந்தைக் கொடுத்தால் வாயைத் திறப்பான், கையை நீட்டினால் பயிற்சி செய்வான். ஒரு திங்கட்கிழமை அவள் வர நேரமாகிவிட்டது. வருகிறவரைக்கும் அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். அந்தப் பேர் பட்டியலில் இருந்து போய்விட்டால் தம்பி என்ன ஆவான் என்று செல்லாயிக்கு அப்போதுதான் பயம் வந்தது.

மகேந்திரன் வெள்ளிக்கிழமை மோட்டாரில் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, காலு ஒடஞ்சவன கேப்டனா வச்சிருக்கீங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க லா. கொஞ்சம் மாத்துங்களேன்."

"அவரு வச்ச ஆளு. நான் பதிலாளு."

"இந்த வாரம் பூட்டிட்டா அண்ணன் வெளிய. அப்புறம் எம்மேல கோவிச்சுக்காதீங்க."

"ஒங்க மச்சான் உள்ள வருவாரு. சந்தோசந்தானே?"

மகேந்திரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

செல்லாயி அரிசி களைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தாள். பழைய வழக்கத்தை இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறாளே, இங்கே மரமே ஊர்விட்டு ஊர் ஓடுகிறதே என்று எரிச்சலும் வந்தது. அப்புறம்தான் வேறு ஒன்று பட்டது.

"வீரம்மா, அன்னிக்கு ஒங்கப்பாகிட்ட நடந்து போயி கேட்டியே. இப்ப அவங்கிட்ட ஏன் கேக்கல?"

வீரம்மா அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"எப்படி மதினி கேக்குறது? அஞ்சாவதுன்னு சொல்லி வச்சிருக்கேன். மனசு அதிரக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. கேட்டா ஃபோன காட்டணும். காட்டுனா தெரிஞ்சிரும்."

"ஞாயித்துக்கெழம எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும். அவனுக்கு ஒன் வாயால தெரியட்டும்."

சனிக்கிழமை மதியம் பார்வை நேரத்தில் இருவரும் போனார்கள். சீனி விரலை ஆட்டினான். வீரம்மா இந்தமுறை விரலைக் காட்டவில்லை. ஃபோனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பத்தாவது. நான் பொய் சொன்னேன். ஒங்க ஆளுங்கள நான் தொடல. இப்ப நீங்க சொன்னாத்தான் தொடுவேன்."

சீனி பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. செல்லாயி நர்ஸைக் கூப்பிடலாமா என்று வாசல் பக்கம் திரும்பினாள். அப்போது அவன் வாயில் இருந்து வார்த்தை வந்தது.

"நாசமாப் போச்சு."

விழுந்த நாளில் இருந்து தண்ணீர் என்றுகூடச் சொல்ல வராதவன். அதைச் சுத்தமாகச் சொன்னான், இரண்டு தடவை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பிறகு செல்லாயியிடம், இந்த நோயில் நல்ல வார்த்தைகள் ஒளிந்துகொள்ளும், திட்டுகிற வார்த்தைகள் முன்னால் வரும், அது வழக்கம்தான் என்றாள்.

வீரம்மா ஃபோனை இன்னும் கிட்டே நீட்டினாள். சீனி இடக்கை விரலால் கால் முறிந்தவனைத் தொட்டான், வெளியே தள்ளுவது போல ஆட்டினான். அவனுக்குப் பதில் யார் என்று தேட வெகுநேரம் ஆயிற்று. அவள் ஒவ்வொரு முகமாகக் காட்டினாள், அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். ஒரு சின்னக் குழுவின் முன்வரிசைக்காரனிடம் விரல் நின்றது. பிறகு நாட்டைவிட்டுப் போனவனையும் தொட்டான்.

"ரெண்டா? பாயிண்ட் வெட்டுவாங்க லா."

அவன் இரண்டு விரலைக் காட்டினான். அவள் இரண்டையும் மாற்றினாள். கேப்டனாக யாரைக் குறிப்பது என்றும் அவனிடமே கேட்டுக் குறித்தாள்.

திங்கட்கிழமை காலை மகேந்திரன் மறுபடி மோட்டாரில் வந்தான். இந்தமுறை உள்ளே வந்து உட்கார்ந்து காப்பி கேட்டான். சீனி ஒன்பதாவது. பத்தாவது மகேந்திரன். ஐந்து வாரமும் ஆளை மாற்றி மாற்றி, வெட்டுப்பட்ட பாயிண்ட் போதாதென்று, அவன் கேப்டனுக்கு ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே சிவப்புக் கார்டு.

"என் மச்சான் உள்ள, நான் வெளிய அண்ணி. வீட்டுல ஒரே சூசா, தொல்லை தாங்கல. காலையில இருந்து எனக்குப் பாடம் நடத்துறான்."

"மரத்த அத்தன எடத்துல வெட்டுனா பால் வருமா?"

மகேந்திரன் காப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனிடம் தானே சொல்கிறேன் என்றான். சொன்னபோது சீனி அவனையும் தெளிவாகத் திட்டினான். அதில் மகேந்திரனுக்கு ஒரே சந்தோஷம்.

செல்லாயி சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிவிட்டாள். சீனி வீட்டுக்கு வந்துவிட்டான். கம்பு ஊன்றி நடக்கிறான், சில வார்த்தை வருகிறது. வீரம்மா குனோங் ராபாட்டில் அதே வீட்டில் இருக்கிறாள். காலையில் கேண்டீனுக்குப் போகிறாள். சனிக்கிழமை சாயங்காலம் அவன் விரல் காட்டுகிற முகத்தை அழுத்துகிறாள். பட்டியலில் இருப்பது சீனி பேர், எட்டாவது இடத்தில்.